ஜம்பரை விட்டுவிட்டு பாண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள்

கோவைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்ஜினியர் வக்கீலான எனக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

வயது 27. மெக்கட்ரானிக்ஸ் படித்தவர். அட்டைப்பெட்டிகளைப் பேலட்டில் அடுக்கும் ரோபோக்கள் செய்கிற நிறுவனத்தில் மோஷன் கன்ட்ரோல் என்ஜினியர். சர்வோ டியூனிங் (மோட்டார்கள் துல்லியமாக நகரும்படி சரிசெய்வது), ரோபோவின் கை எந்தப் பாதையில் எவ்வளவு வேகத்தில் போகவேண்டும் என்கிற புரோகிராம், கஸ்டமர் சைட்டில் கமிஷனிங் (மெஷினை முதன்முதலில் ஓட்டிச் சோதித்துக் கொடுப்பது) எல்லாம் இவர் வேலை. சேரும்போது 3 வருட பாண்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இடையில் விட்டால் 5 லட்சம் ரூபாய், விலகிய பின் 2 வருடம் வேறு எந்த ரோபோ நிறுவனத்திலும் சேரக்கூடாது. அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டு, தொகை எழுதாத ஒரு செக்கும் கொடுத்திருக்கிறார். ஒரிஜினல் டிகிரி சான்றிதழ் எச்.ஆரிடம். 2 வருடம் 4 மாதம் முடிந்திருக்கிறது. இப்போது பெங்களூரில் கிடங்குகளுக்கான நகரும் ரோபோக்கள் செய்யும் நிறுவனத்தில் நல்ல வேலை வந்திருக்கிறது.

அவருடைய கேள்விகள்: பாண்ட் செல்லுமா? செக்கை வைத்து அப்பாவை ஏதாவது செய்வார்களா? ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த லேப்டாப்பில் நான் எழுதிய புரோகிராம் கோடு என்னுடையதுதானே?

நாலாவது பக்கத்தின் கடைசியில், போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறார் (இன்டர்லாக் என்பது கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு, ஜம்பர் என்பது அந்த ஸ்விட்ச் வேலை செய்யாதபடி குறுக்கே போடும் ஒயர் துண்டு): "போன மாதம் ஒரு சைட்டில் கதவு ஸ்விட்சுக்கு ஜம்பர் போட்டு ஓட்டினோம். ஒரு ஹெல்ப்பருக்கு முழங்கையில் அடிபட்டுவிட்டது. இப்போது, எல்லா இன்டர்லாக்கும் சோதிக்கப்பட்டது என்று பழைய தேதியில் கமிஷனிங் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டால் பாண்டை விட்டுவிடுகிறோம் என்கிறார் மேனேஜர். நான் மோஷன் மட்டும்தான் பார்க்கிறேன், சேஃப்டி எலக்ட்ரிக்கல் டீமுடையது. போட்டுக்கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாமா?"

கூடாது. உங்கள் கேள்விகளைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறேன். கடைசி வரிதான் முதலில்.

அந்த ஜம்பர் இன்னும் இருக்கிறதா?

இதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான். இருந்தால், பாண்ட், செக், பெங்களூர் எல்லாம் இரண்டு நாள் காத்திருக்கட்டும்.

உங்கள் மனதில் இருக்கும் சமாதானம் கடிதத்தின் நடுவிலேயே தெரிகிறது. "கதவு திறந்தால் புரோகிராமில் வேகத்தை வினாடிக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைத்துவிட்டேன், ஸ்டாண்டர்டிலும் அதுதான் இருக்கிறது" என்கிறீர்கள். அந்த எண் ரோபோக்களுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரமான ஐ.எஸ்.ஓ. 10218-இல் இருப்பது உண்மை. ஆனால் அது எதற்கான எண்? பயிற்சி பெற்ற ஒருவர் டீச் பென்டன்ட்டை (ரோபோவை நகர்த்தும் கைக்கருவி) கையில் பிடித்து, எனேபிள் ஸ்விட்சை அழுத்திக்கொண்டு, மேனுவல் மோடில் ரோபோவை நகர்த்தும்போது இருக்கவேண்டிய வேக வரம்பு. கையை விட்டாலும் பதறி இறுக்கினாலும் அந்த ஸ்விட்ச் மெஷினை நிறுத்தும். கதவு திறந்த நிலையில், ஆட்டோ மோடில், எதிரே நிற்பவர் கையில் எதுவும் இல்லாதபோது ஓட்டிக்கொள்ளலாம் என்று தரும் அனுமதி அல்ல அது. தவிர, கதவு ஸ்விட்சையே ஜம்பர் போட்டிருந்தால் கதவு திறந்தது உங்கள் புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? வேறு சென்சாரிலிருந்து எடுத்திருந்தாலும், சாதாரண கன்ட்ரோலரில் ஓடும் வேகக் குறைப்பு பாதுகாப்பு ஏற்பாடாக எண்ணப்படாது. மோட்டாருக்கு டார்க் (சுழற்றும் விசை) தரும் மின்சாரத்தையே ட்ரைவுக்குள் (மோட்டாரை இயக்கும் மின்கருவி) துண்டிக்கிற எஸ்.டி.ஓ. போன்றவற்றைத் தனியாக வைத்திருப்பது அதனால்தான்.

இதை ஒரு வக்கீல் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் நான் கறுப்பு கோட்டுப் போடுவதற்கு முன் மூன்று வருடம் சி.என்.சி. (கணினி கட்டுப்பாட்டில் ஓடும்) மெஷின் சர்வீஸில் இருந்தவன். ஒரு நாள் என்கோடர் (மெஷின் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து சொல்லும் கருவி) கேபிள் அறுந்தது. ஆக்சிஸ் நகரவேயில்லை என்று நினைத்துக்கொண்ட கன்ட்ரோலர் இன்னும் தள்ளு, இன்னும் தள்ளு என்று ட்ரைவைத் துரத்தியது. சொன்ன இடத்துக்கும் அளந்த இடத்துக்கும் வித்தியாசம் மிஞ்சிவிட்டது என்கிற ஃபாலோயிங் எரர் வந்து மெஷின் டிரிப் ஆவதற்குள் டேபிள் போய்க் கடைசி ஸ்டாப்பரில் இடித்துக் கப்ளிங் உடைந்துவிட்டது. பாதுகாப்புக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தவர் அங்கிருந்த வயதான ஃபிட்டர். புரோகிராமில் எழுதிய வேக வரம்பு அந்த அரை நொடியில் எதற்கு உதவும்?

அடுத்த சமாதானம், "நான் மோஷன் மட்டும்தான்." சட்டம் டிபார்ட்மென்ட் வாரியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. மெஷினை வடிவமைத்து, செய்து, தொழிற்சாலைக்குக் கொடுப்பவர்களுக்கே நேரடியான கடமை உண்டு என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 7பி பிரிவு சொன்னது. அதன் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கும் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்திலும் அந்தக் கடமை தொடர்கிறது. இது நிறுவனத்தின் கடமை. ஆள் அளவில் வந்தால், பழைய ஐ.பி.சி.யின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 289-வது பிரிவு இருக்கிறது. மெஷினைக் கவனக்குறைவாகக் கையாண்டு பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து ஏற்படுத்தினால் 6 மாதம் வரை சிறை. காயம் பெரியதென்றால் 125-வது பிரிவும் சேரும். எஃப்.ஐ.ஆர். எழுதுபவர் முதலில் தேடுவது சைட்டில் நின்றவர் பெயரை. கேட் பாஸ் ரிஜிஸ்டரில் இருப்பது உங்கள் பெயர்தான்.

ரோபோ அடித்து ஒருவர் இறந்ததாகப் பதிவான முதல் சம்பவம் 1979 ஜனவரியில், அமெரிக்காவின் மிச்சிகனில், ஃபிளாட் ராக் என்ற ஊரின் கார் வார்ப்பாலையில் நடந்தது. 1983-இல் ஜூரி 1 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது ரோபோவைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் மீது. கஸ்டமர்தான் பொறுப்பு என்ற பேச்சு இந்தத் துறையில் அன்றைக்கே எடுபடவில்லை.

இனி அந்தக் கையெழுத்து. இப்போது உங்கள்மீது இருக்கக்கூடியது கவனக்குறைவு என்கிற குற்றச்சாட்டு. மேனேஜர் போனில் சொல்லித்தான் ஜம்பர் போட்டேன் என்பது உங்களை முழுதாக விடுவிக்காது, ஆனால் பாரத்தைப் பங்குபோடும். பழைய தேதியில் கையெழுத்துப் போட்ட நிமிடம் அது வேறு வகைக் குற்றமாகிவிடும். தெரிந்தே பொய்யான ஆவணம் தயாரித்ததாக, விபத்துக்கான சாட்சியத்தைத் திரித்ததாகக் கேள்வி வரும். மேனேஜருடைய கையெழுத்து அதில் எங்கும் இருக்காது, உங்களுடையது மட்டும் இருக்கும். அந்தப் பொய்யும் நிலைக்கப்போவதில்லை. சேஃப்டி கன்ட்ரோலரில் கடைசியாக எப்போது மாற்றம் செய்யப்பட்டது என்று இருக்கும், ட்ரைவின் ஃபால்ட் ஹிஸ்டரியில் நேரத்தோடு இருக்கும். சோதித்ததாகச் சொல்லும் தேதியில் அந்தக் கதவு இன்புட் ஒரு தடவைகூட மாறவில்லை என்று உங்களைப் போன்ற இன்னொரு என்ஜினியரே கோர்ட்டில் வந்து சொல்வார்.

இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். யார்மீதும் குற்றம் சொல்லவேண்டாம். ஜம்பர் இன்னும் இருந்தால் இந்த அளவு போதும்: "இன்ன தேதியில், உங்கள் தொலைபேசி அறிவுறுத்தலின்படி, இன்ன சைட்டில் கதவு ஸ்விட்சு பைபாஸ் செய்யப்பட்டது. அது இன்னும் நீக்கப்படவில்லை என்று அறிகிறேன். நீக்கிச் சோதிக்கும்வரை மெஷினை ஆட்டோவில் ஓட்டக்கூடாது. இன்டர்லாக் சோதனையில் நான் பங்கேற்காததால் அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்திட இயலாது." மேனேஜர், அவருக்கு மேலே ஒருவர், எச்.ஆர். மூவருக்கும் போகட்டும். கஸ்டமரின் மெயின்டனன்ஸ் தலைவருக்கும் நகல் போடலாமா என்றால், ஜம்பர் இன்னும் இருக்கும்பட்சத்தில் போடுங்கள் என்பேன். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைக் காட்டிக் குதிப்பார்கள். குதிக்கட்டும். ஆபத்தைச் சொல்வதை ரகசியம் உடைத்தது என்று எந்த நீதிபதி முன்னாலும் நிறுத்துவது கஷ்டம். ஆனால் டிராயிங், புரோகிராம் எதையும் சேர்த்து அனுப்பாதீர்கள், செய்தி மட்டும்.

மேனேஜர் வாட்ஸ்அப்பில் ஏதாவது எழுதியிருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு நின்றுவிடாமல் அந்த போனையே பத்திரமாக வையுங்கள். மாற்றவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க 2023 சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்று தரவேண்டியிருக்கும். மூலக் கருவி கையில் இருந்தால் அது சுலபம்.

பாண்ட்

"பாண்டெல்லாம் கோர்ட்டில் செல்லாது" என்று நண்பர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி.

எந்தக் கோர்ட்டும் உங்களைப் பிடித்துவைத்து இங்கேயே வேலை செய் என்று உத்தரவிடாது. ஆனால் பணம் கேட்க முடியும். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், 3 வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்டவேண்டும் என்ற நிபந்தனை தொழில் தடை ஆகாது, செல்லும் என்று சொல்லிவிட்டது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்க ஆகும் செலவு அங்கே முக்கியமான காரணம். இருந்தாலும் இனி உங்கள் நிறுவனத்தின் வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான்.

அப்படியானால் 5 லட்சமும் கட்டவேண்டுமா? அப்படியும் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவில், எழுதப்பட்ட தொகை ஒரு உச்சவரம்பு மட்டும். அதற்குள் நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும். உங்களுக்காக என்ன செலவு செய்தார்கள்? உங்கள் கடிதப்படி ட்ரைவ் கம்பெனி நடத்திய 8 நாள் வகுப்பு ஒன்று. மற்றபடி "பயிற்சி" என்று எழுதிய முதல் 6 மாதமும் நீங்கள் சைட்டில் மெஷின் ஓட்டிக்கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு அவர்கள் பில்லும் போட்டிருப்பார்கள். 36 மாதத்தில் 28 மாதம் முடித்தவர் என்பதும் கணக்கில் வரும். பேரம் பேச உட்கார்ந்தால் 5 லட்சத்திலிருந்து இறங்காமல், அந்த வகுப்புச் செலவிலிருந்து ஏறிப் பேசுங்கள். எட்டு மாதம்தான் பாக்கி என்பதால், பெங்களூர்க்காரர்கள் காத்திருப்பார்களா என்று கேட்டுப்பார்ப்பதிலும் தப்பில்லை. ஆனால் பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துக் கேட்கிற இடத்தில் இன்னும் எட்டு மாதம் இருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2 வருடத் தடை விஷயத்தில் உங்கள் பயம் தேவையில்லாதது. விலகிய பிறகு வேறெங்கும் சேராதே என்ற நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. உச்ச நீதிமன்றம் 1980-லிருந்து இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. ஒரு எச்சரிக்கை மட்டும். ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது போட்டி நிறுவனத்தில் சேர்வது வேறு கதை. 1967-இல் கோலிகரி வழக்கில், டயர் கயிற்று நூல் ஆலையில் வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தில் பயிற்சி பெற்ற ஒரு ஷிப்ட் சூப்பர்வைசர், 5 வருட ஒப்பந்தத்தை இடையில் விட்டுவிட்டு அதே சரக்கு செய்யும் ஆலைக்குப் போனார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அங்கே வேலை செய்யக்கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உங்களுக்கு 8 மாதம் பாக்கி என்பதால் இதைக் காட்டி மிரட்டலாம். பதில் இருக்கிறது: நீங்கள் போகுமிடம் பேலட் அடுக்கும் கை செய்யவில்லை, தரையில் ஓடும் வண்டி செய்கிறது. அப்புறம், அந்தப் பொய் ரிப்போர்ட் விவகாரம். இப்படி நடந்துகொண்ட முதலாளி தடை கேட்டு வந்தால், நீதிபதி அவர் கை சுத்தமா என்றும் பார்ப்பார்.

எதுவானாலும் சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள். ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, நோட்டீஸ் பீரியடை ஓட்டுங்கள், அல்லது அதற்குரிய சம்பளத்தைக் கட்டுகிறேன் என்று எழுதுங்கள். மறுநாளிலிருந்து வராமல் நின்றுவிடுபவர்கள்தான் நான் பார்த்தவரை கோர்ட்டில் அதிகம் நோகிறார்கள்.

அப்பா கொடுத்த செக்

தொகை எழுதாத செக் செல்லாது என்று நினைக்கிறீர்கள். இது ஆபத்தான நினைப்பு. கையெழுத்து அவருடையது என்றால், கடனுக்காகக் கொடுத்ததாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். பிறகு வேறொருவர் தொகையை நிரப்பியிருந்தாலும் அந்த அனுமானம் போகாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் பிர் சிங் வழக்கில் சொன்னது. அப்படி இல்லை என்று காட்டும் வேலை அப்பா தலையில் விழும். வங்கியில் ஸ்டாப் பேமென்ட் கொடுப்பதும் தனியாக அவரைக் காப்பாற்றாது.

எனவே ராஜினாமாவுக்கு முன்பே, அப்பா பெயரில் ஒரு பதிவுத் தபால் போகட்டும். இன்ன எண்ணுள்ள செக், வேலையில் சேர்ந்தபோது தொகையும் தேதியும் இல்லாமல் பாதுகாப்புக்காக மட்டும் கொடுக்கப்பட்டது, இன்றைய தேதியில் எந்தக் கடனும் தீர்மானமாகவில்லை, திருப்பித் தாருங்கள் என்று. பின்னால் செக் திரும்பி நோட்டீஸ் வந்தால், பெற்ற நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். அதற்குள் வக்கீல் மூலம் பதில் போயாகவேண்டும். தபால்காரரைத் திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஜாமீன் போட்டவருக்கும் உங்கள் அளவுக்கே பொறுப்பு உண்டு. ஆனால் தோட்டத்தை ஜப்தி செய்வார்கள் என்று அம்மா அழவேண்டியதில்லை. வழக்குப் போட்டு, நஷ்டத்தைக் காட்டி, தீர்ப்பு வாங்கிய பிறகு வருகிற பேச்சு அது. டிகிரி சான்றிதழைப் பிடித்துவைக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. அது அடகுப் பொருள் அல்ல. எழுத்தில் கேளுங்கள், ஒரு வாரம் பார்த்துவிட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை கோடு

இதில் உங்களுக்குப் பிடிக்காத பதில்தான். வேலையின் பகுதியாக எழுதியதென்றால், பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி முதல் உரிமையாளர் நிறுவனம். லேப்டாப் யாருடையது, என்ன கிழமை என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். அந்த மெஷினுக்காக, அந்த ட்ரைவுக்காக எழுதிய டியூனிங் கருவியை உங்களுடையது என்று வாதாடுவது கடினம். அதுவும் கஸ்டமர் மெஷின்களின் பாராமீட்டர் ஃபைல்களோடு உங்கள் சொந்த கூகுள் டிரைவில் இருக்கிறது என்கிறீர்கள். அனுமதியில்லாமல் நகலெடுத்தது, அதுவும் நேர்மையற்ற நோக்கத்தோடு என்று காட்டினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் 3 வருடம் வரை போகும். பாண்டில் தோற்கும் நிறுவனங்கள் பிடித்துக்கொள்வது இந்தக் கொம்பைத்தான்.

பதறிப்போய் இன்றிரவே எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். அழித்தது பின்னால் தெரிந்தால் திருடியதை மறைத்த மாதிரி இருக்கும். என் சொந்த டிரைவில் வேலைக்காக வைத்திருந்த நகல்கள் இவை, ஒப்படைக்கிறேன், பிறகு நீக்கிவிடுகிறேன், ஒப்புகை தாருங்கள் என்று ராஜினாமாவோடு சேர்த்து எழுதுங்கள். விபத்துக்குச் சாட்சி என்று சொல்லிக்கூட கோடை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வழக்கு வந்தால் கோர்ட்டே அதைக் கொண்டுவரச் சொல்லும்.

எஸ் வடிவ வேக வளைவு, ஜெர்க் கட்டுப்பாடு, ஃபீட் ஃபார்வர்டு, கை நடுக்கத்துக்கு நாட்ச் ஃபில்டர் போடும் கைப்பக்குவம், இவையெல்லாம் உங்கள் மூளையில் இருப்பவை. பாடப்புத்தகக் கணிதம் யாருக்கும் சொத்தல்ல. புதிய இடத்தில், பழைய ஃபைலைத் திறக்காமல், முதல் வரியிலிருந்து எழுதுங்கள். இரண்டாம் முறை எழுதும்போது இன்னும் நன்றாகவே வரும்.

கடைசியாக எனக்கு ஒரு விவரம் வேண்டும். நான்கு பக்கத்தில் அந்த ஹெல்ப்பரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அவர் கான்ட்ராக்ட் ஆளா, இ.எஸ்.ஐ.யில் பதிவு உண்டா, விபத்து அறிக்கை போயிருக்கிறதா? போயிருந்தால் வேலைக்கு வரமுடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் அவருக்குக் கிடைக்கவேண்டும். வீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்தால் அது கிடைக்காது. அந்த சைட்டில் உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது கேட்டு எழுதுங்கள்.